காடும் சதுப்பும் செய்துவந்த வேலைகள்: சிங்கப்பூரின் கணக்கில் விடுபடும் வரவு

தோபி காட் ரயில் நிலையம் இன்று இருக்கும் இடத்தை ஒட்டி, 19ஆம் நூற்றாண்டில் ஓர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. சென்னை மாகாணத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த சலவைத் தொழிலாளர்கள் அந்த ஓடையில் துணி துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். அங்கிருந்து சிறிது தொலைவில், நாம் தேக்கா என்று அழைக்கும் வட்டாரத்தில், ரோச்சோர் ஆற்றின் நீரும் அதை ஒட்டிய சதுப்பில் செழித்த புல்லும் கால்நடை வணிகத்தை ஈர்த்தன. மாட்டுத் தொழிலை நம்பி வந்த இந்தியர்கள் பலர் அங்கேயே தங்கிவிட்டது லிட்டில் இந்தியா அந்த இடத்தில் உருவானதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் முன்னோர் இந்தத் தீவில் எங்கே குடியேறினார்கள் என்பதை, யாரும் காசு கொடுத்து உண்டாக்காத ஓடைநீரும் புல்லும் ஓரளவு தீர்மானித்திருக்கின்றன.

அந்த ஓடைக்குப் பிறகு கரை கட்டப்பட்டது. பெரும்பகுதி மூடப்பட்டு, ஸ்டாம்ஃபர்டு கால்வாய் என்று பெயர் பெற்றது. அதற்கு நீர் தந்த மேட்டு நிலங்களில் ஆர்ச்சர்டு சாலையின் கடைத்தொகுதிகளும் ஹோட்டல்களும் எழுந்தன. 2010ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி காலையில் சில மணி நேரத்துக்குள் சுமார் 100 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, கால்வாய் தாங்க முடியாமல் சாலையில் வெள்ளம் ஓடி, கட்டடங்களின் நிலத்தடித் தளங்களுக்குள் புகுந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரிலும் அச்சாலையின் ஒரு பகுதியில் நீர் தேங்கியது. இதற்குத் தீர்வாக, சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை ஒட்டி நிலத்தடியில் 38,000 கன மீட்டர் மழைநீரைப் பிடித்துவைக்கும் தொட்டியும், நீரின் ஒரு பகுதியைச் சிங்கப்பூர் ஆற்றுக்குத் திருப்பிவிடும் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளக் கால்வாயும் கட்டப்பட்டு, 2018இல் பயன்பாட்டுக்கு வந்தன. இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு சுமார் 227 மில்லியன் வெள்ளி.

இது தேவையான பணி; திறமையாகச் செய்யப்பட்ட பணியும்கூட. ஆனால் அந்தத் தொட்டி செய்வது ஒரே ஒரு வேலை. கனமழை பெய்யும்போது நீரைப் பிடித்துவைத்து, மழை விட்டபின் வெளியேற்றுகிறது. மரமும் மண்ணுமாக இருந்த சரிவு அதே வேலையைச் செய்ததோடு, காற்றைக் குளிர்வித்தது, நீரை வடிகட்டியது, பறவைகளுக்கு இரை தந்தது, நடப்பவருக்கு நிழல் தந்தது. சிங்கப்பூரின் சுற்றுச்சூழல் சிக்கல்களைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை முன்னே வைக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். இயற்கையின் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே மாற்று ஏற்பாடு செய்ய இந்நாட்டால் முடிந்திருக்கிறது. ஒரே நிலம் பல வேலைகளைச் சேர்த்துச் செய்தது என்பதோ, நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் கணக்கில் இன்னும் முழுமையாக ஏறவில்லை.

ஆய்வாளர்கள் இவ்வேலைகளைச் சூழலியல் சேவைகள் என்று குறிப்பிடுகிறார்கள். ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் ஆதரவில் நடந்து 2005இல் வெளியான புத்தாயிரமாண்டுச் சூழலியல் மதிப்பீடு அவற்றை நான்காகப் பகுத்தது. உணவு, நீர், மரம் போன்ற பொருள்களைத் தருவது ஒன்று. வெப்பம், வெள்ளம், நோய் ஆகியவற்றைக் கட்டுக்குள் வைப்பது மற்றொன்று. மனத்துக்கும் பண்பாட்டுக்கும் ஊட்டம் தருவது மூன்றாவது. மண் உருவாவது, சத்துகள் சுழல்வது என்று இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்பது நான்காவது. சுமார் 735 சதுர கிலோமீட்டரில் 6 மில்லியனுக்கும் அதிகமானோர் வாழும் சிங்கப்பூரில், அதாவது சதுர கிலோமீட்டருக்கு 8,000க்கும் மேற்பட்டோர் நெருங்கி வாழும் இடத்தில், இரண்டாவது வகைதான் அன்றாட வாழ்வை மிக நேரடியாகத் தொடுகிறது. அதிலும் முதலில் வருவது வெப்பம்.

2023ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவானது. 1983இல் தெங்காவில் பதிவான உச்சத்துக்கு அது சமம். ஆனால் நகர வெப்பத்தின் இயல்பைப் புரிந்துகொள்ளப் பகலின் உச்சத்தைவிட இரவைப் பார்ப்பது நல்லது. கட்டடங்கள் நெருங்கிய ஆர்ச்சர்டு சாலைப் பகுதிக்கும், மரங்களும் பண்ணைகளும் நிறைந்த லிம் சூ காங்குக்கும் இடையே, காற்று ஓய்ந்த தெளிந்த இரவுகளில் 7 டிகிரி வரை வேறுபாடு இருந்ததை 2000களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வு ஒன்று பதிவு செய்தது. கான்கிரீட்டும் தாரும் பகல் முழுவதும் வெயிலை உள்வாங்கி, இரவில் அதை மெதுவாக வெளிவிடுகின்றன. உயர்ந்த கட்டடங்களுக்கு இடையில் அந்த வெப்பம் சிக்கிக்கொள்கிறது. வானை நோக்கித் தப்பிக்க அதற்கு வழி குறைவு. வாகனங்களும் குளிர்சாதனங்களும் தம் பங்குக்கு வெப்பத்தைத் தெருவில் கொட்டுகின்றன. ஓர் அறையைக் குளிர்விக்கும் இயந்திரம், அந்த அறையின் வெப்பத்தையும் தான் செலவிட்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. ஆகவே ஒவ்வொரு வீட்டாரும் தம் படுக்கையறையைக் குளிர்விக்கும்போது, எல்லாருக்கும் பொதுவான வெளி சற்றே சூடாகிறது.

மரம் இதற்கு எதிர்த்திசையில் இயங்குகிறது. முதலில் நிழல், அதன் பயன் யாருக்கும் விளக்க வேண்டாதது. அடுத்து நீராவிப்போக்கு: ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். இலைகள் வழியாக நீரை வெளிவிடும் மரம் அந்த ஆற்றலைச் சுற்றியுள்ள வெப்பத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி என்பதால், வறண்ட நாடுகளில் கிடைக்கும் அளவுக்கு இந்தக் குளிர்ச்சி இங்கே கிடைப்பதில்லை. பகலில் மனித உடலுக்குப் பெரிய உதவி நிழல்தான். கிழக்குக் கடற்கரை விரைவுச்சாலையில் சாங்கி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வருபவர்கள் முதலில் பார்க்கும் தூங்குமூஞ்சி மரங்கள் இதற்கென்றே அமைந்தவைபோல் இருக்கின்றன. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இம்மரத்தின் குடை 30 மீட்டர் வரை விரியும். அந்தி சாயும்போதும் மழை கருக்கும்போதும் இலைகள் மடிந்துகொள்வதால் மழைநீர் அடியிலுள்ள மண்ணை எளிதாக எட்டுகிறது. தடித்த கிளைகளில் கூடைபோல் அமரும் பெரணிகள் உதிரும் சருகைப் பிடித்துவைத்து, அங்கேயே சிறு சிறு உயிர்களுக்கு இடம் தருகின்றன.

இந்த மரங்கள் தற்செயலாக வந்தவை அல்ல. 1963ஆம் ஆண்டு ஜூன் மாதம் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் வட்டத்தில் ஒரு மரக்கன்றை நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 1967இல் பூங்கா நகரம் என்ற இலக்கு அறிவிக்கப்பட்டது. விரைவில் நிழல் வேண்டும் என்பதற்காக, பெரிய கிளையை வெட்டி நட்டாலே வேர்விடக்கூடிய அங்சானா என்னும் வேங்கை மரங்கள் பரவலாக நடப்பட்டன. 2020இல் தொடங்கிய மில்லியன் மரங்கள் இயக்கம் அதே மரபின் தொடர்ச்சி. இதில் எனக்குப் பெருமை உண்டு. அதே வேளையில், சாலையோர மரத்துக்குக் கிடைக்கும் மண்ணின் அளவு, குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் இடையில் அதன் வேர் தேடும் வழி, காற்றில் கிளை முறிந்து விழாமல் காக்கும் ஓயாத பராமரிப்பு ஆகியவற்றைப் பார்க்கும்போது, நட்ட மரம் தொடர்ந்து செலவு கேட்கும் மரம் என்பது விளங்கும். தானாக எழுந்த காட்டில் அந்தச் செலவில் பெரும்பகுதியை மண்ணும் பூஞ்சையும் பூச்சியும் ஏற்றுக்கொள்கின்றன.

வெப்பத்தின் சுமை எல்லார் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. குளிரூட்டிய அலுவலகத்தில் இருப்பவருக்கு அது மதிய உணவுக்கு நடக்கும் பத்து நிமிடச் சிரமம். கட்டுமானத் தளத்தில் இரும்புக் கம்பி கட்டுபவருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். வெயில், ஈரப்பதம், காற்று, வெப்பம் ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அழுத்த அளவு 32 டிகிரியை எட்டினால் கடின உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வும், 33 டிகிரியை எட்டினால் 15 நிமிட ஓய்வும், முடிந்தவரை நிழலில், தரப்பட வேண்டும் என்று மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் விதித்தது. அந்த ஊழியர்களில் கணிசமானோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். புதிதாகக் கட்டப்படும் பேட்டைகளில் பழைய மரங்கள் முதலிலேயே வெட்டப்பட்டு, புதிய மரங்கள் கடைசியில் நடப்படுவதால், நிழல் மிகவும் தேவைப்படும் ஆண்டுகளில், தேவைப்படும் மனிதர்களுக்கு, அது அங்கே இருப்பதில்லை. மரம் வெட்டும் வரிசையையும் நடும் வரிசையையும் மாற்றுவது பற்றி இந்தக் கோணத்தில் பேசப்படுவதை நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன்.

நீரின் கதை வேறு விதமானது. காட்டைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தை இத்தீவில் நிலைநிறுத்தியதே அதுதான். 19ஆம் நூற்றாண்டில், தோல் பதனிட உதவும் கேம்பியர் செடியையும் மிளகையும் பயிரிடும் தோட்டங்களுக்காகப் பெரும்பாலான காடு அழிக்கப்பட்டது. மண் சோர்ந்ததும் தோட்டக்காரர்கள் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். எஞ்சிய மத்தியப் பகுதிக் காடு தப்பியதற்குக் காரணம், மெக்ரிச்சி, பியர்ஸ், சிலேத்தார் நீர்த்தேக்கங்களுக்கு அது நீர்ப்பிடிப்புப் பகுதியாக இருந்தது. அழகுக்காகவோ உயிரினங்களுக்காகவோ அன்றி, குடிநீருக்காகவே அக்காடு காக்கப்பட்டது. ஆனால் அந்த ஒரு காரணத்துக்காகக் காத்ததால் மற்றவை எல்லாம் கூடவே பிழைத்துக்கொண்டன. வேறெங்கும் காண முடியாத நன்னீர் நண்டு வகைகளும், கறுப்பு வெள்ளை நிற ராஃபிள்ஸ் இலைக்குரங்கும், அழங்கும் இன்றும் சிங்கப்பூரில் இருப்பதற்கு அந்த நீர்த்தேக்கங்களுக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தும், அதைத் தேக்கிவைக்க இடமும் நிலத்தடி நீர்வளமும் இல்லாததால் நீர்ப்பஞ்சத்தை எதிர்நோக்கும் நாடு இது. இன்று நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதியாகப் பயன்படுகிறது, நீர்த்தேக்கங்கள் 17. 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டின் நீர்ப்பிடிப்புப் பகுதி மட்டும் சுமார் 10,000 ஹெக்டர், அதாவது நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. தோ பாயோவின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கு ஒன்றின் கூரையில் விழும் மழையும் குடிநீராகும் வாய்ப்புள்ள நகரம் உலகில் அதிகம் இல்லை. ஆனால் நகரத்தின் மேல் விழும் மழை, சாலையின் எண்ணெயையும் உணவங்காடிகளின் கழிவையும் சிகரெட் துண்டுகளையும் அள்ளிக்கொண்டு ஓடும். காட்டின் மேல் விழும் மழை அவ்வாறு ஓடுவதில்லை. அதனால்தான் 1977 முதல் 1987 வரை சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றுப் பகுதியையும் தூய்மைப்படுத்தும் பெரும்பணி நடந்தது. அந்தத் தூய்மைப் பணி இல்லாமல் மரினா நீர்த்தேக்கத்தை யாரும் நினைத்தும் பார்த்திருக்க முடியாது.

வடிகால் அமைப்பில் வந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்கள் பீஷான்-அங் மோ கியோ பூங்காவுக்குப் போகலாம். அங்கே 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோட்டில் ஓடிய கான்கிரீட் கால்வாய் உடைக்கப்பட்டு, காலாங் ஆறு 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும்படி அமைக்கப்பட்டு, 2012இல் திறக்கப்பட்டது. வெயில் நாளில் ஆறு கணுக்கால் அளவு நீரோடு கல் இடுக்குகளில் சலசலக்கிறது. குழந்தைகள் கல்லில் கால் வைத்துக் கடக்கிறார்கள். கரையில் பெரியவர்கள் மெதுநடை போடுகிறார்கள். கனமழை வந்தால் அதே நீர் புல்வெளிமேல் ஏறி, ஏறத்தாழ 100 மீட்டர் அகலத்துக்கு விரிகிறது. விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் மக்களை மேட்டுக்குப் போகச் சொல்கின்றன. பழைய கால்வாயின் கான்கிரீட் துண்டுகளைக் கொண்டே அங்கு ஒரு சிறு குன்றும் எழுப்பப்பட்டிருக்கிறது. கரைகளைக் கற்களும் வேர்களும் சேர்ந்து பிடித்துக்கொள்கின்றன. நீர்நாய்க் குடும்பங்கள் வந்து மீன் பிடித்துப் போகின்றன. ஒரே இடம் வடிகாலாகவும் பூங்காவாகவும் வாழிடமாகவும் இயங்குவதை நாட்டில் இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு திட்டம் என் நினைவில் இல்லை. 2014 முதல், 0.2 ஹெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட பரப்பில் புதிதாகக் கட்டுவோர் தம் நிலத்திலேயே மழைநீரின் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்று பொதுப் பயனீட்டுக் கழகம் கட்டாயமாக்கியதும் இதே சிந்தனையின் விளைவுதான்.

இவ்வளவு சொன்னபின், நீருக்காக நாம் இழந்ததையும் சொல்லியாக வேண்டும். 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் மேற்குக் கரையின் கழிமுகங்களை மறித்துத்தான் கிராஞ்சி, பண்டான், முறாய், போயான், சாரிம்பூன், தெங்கே நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. உப்பும் நன்னீரும் கலக்கும் அந்தக் கழிமுகங்களில்தான் அலையாத்திக் காடுகள் அடர்ந்திருந்தன. நவீனச் சிங்கப்பூர் தொடங்கிய காலத்தில் தீவின் பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடாக இருந்ததாக மதிப்பிடப்படும் அக்காடு, இன்று 1 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. நீர்த்தேக்கம், கடல்தூர்ப்பு, இறால் வளர்ப்பு, தொழிற்பேட்டை என ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு முடிவுக்கும் அப்போது வலுவான காரணம் இருந்தது. குடிநீருக்கு வழியில்லாத புதிய நாட்டிடம் கழிமுகத்தைக் காப்பாற்றச் சொல்வது எளிதான செயலும் அல்ல.

எஞ்சியதில் பெரும்பகுதியைச் சுங்கை பூலோவிலும் மண்டாய் கடற்கரையிலும் புலாவ் உபின், புலாவ் தெக்கோங் தீவுகளிலும் காணலாம். பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்குச் சுங்கை பூலோ அந்நியமாகத் தோன்றாது. நீர் வற்றும் வேளையில் பலகைப் பாதையில் நின்று பார்த்தால், சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் விரல்கள்போல் மேலே நீளும் மூச்சுவேர்கள், அவற்றின் இடையே தத்தித் தத்தி நகரும் சேற்று மீன்கள், இரவில் சேற்றிறால் தள்ளிவைத்த மண்குவியல்கள், எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் தெரியும். சிதம்பரத்தின் தல மரமான தில்லையும் அந்தச் சேற்றோரத்தில் வளர்கிறது. காற்றோட்டமே இல்லாத சேற்றில் வேர் அழுகிவிடாமல் இருக்க இம்மரங்கள் கண்ட வழிதான் மூச்சுவேர். அந்த வேர்க் கூட்டம் அலையின் வேகத்தைத் தடுக்கிறது; வேகம் குறைந்த நீர் தான் சுமந்து வந்த மண்ணைக் கீழே விடுகிறது; மண் சேரச் சேரக் கரை தானே உயர்கிறது. உதிரும் இலையும் மடியும் வேரும் அந்தச் சேற்றில் மிக மெதுவாகவே மக்குவதால், கரிமம் நீண்ட காலம் புதைந்து கிடக்கிறது. மீன் குஞ்சுகள் வளர்வதும் சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா நோக்கிப் பறக்கும் உள்ளான்கள் இளைப்பாறுவதும் அதே இடத்தில்தான். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது கடலூர் மாவட்டத்தில் மரங்களின் பின்னால் இருந்த ஊர்கள் வெட்டவெளியில் இருந்த ஊர்களைவிடக் குறைவாகச் சேதமுற்றதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சுமத்ராவும் மலாயத் தீபகற்பமும் மறைத்துக்கொண்டதால் சிங்கப்பூர் அந்த அலையிலிருந்து தப்பியது. கடல்மட்ட உயர்வை அப்படி எதுவும் மறைக்காது.

நாட்டின் நிலத்தில் சுமார் 30 விழுக்காடு சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. 2024 ஜனவரியில் வெளியான மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வு, கரிம வெளியேற்றம் மிகுந்தால் 2100ஆம் ஆண்டுக்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று கணித்தது. கடற்கரைப் பாதுகாப்புக்கு நூறாண்டுக் காலத்தில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்று 2019 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் கூறினார். சுவர் எவ்வளவு உயரமாக எழுப்பப்பட்டாலும், கட்டிய நாளில் இருந்த உயரம்தான் அதற்கு என்றும் உண்டு. அலையாத்திக் காட்டுக்குப் போதிய மண் வந்துகொண்டிருந்தால், பின்வாங்க இடமும் இருந்தால், கடலோடு சேர்ந்து ஓரளவு உயர முடியும். ஆனால் பின்னால் சாலையோ சுவரோ இருந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. சிங்கப்பூரின் பெரும்பாலான கரைகளில் நிலைமை அதுதான். புலாவ் தெக்கோங்கின் வடகிழக்குக் கரையில் அரித்துக்கொண்டிருந்த அலையாத்திக் காட்டைக் கற்களைக் கொண்டும் மண் மூட்டைகளைக் கொண்டும் தடுத்து, இடையில் கன்றுகளை நட்டு மீட்ட பணி, பொறியியலும் உயிரியலும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதைக் காட்டியிருக்கிறது.

நிலத்தில் நடக்கும் இழுபறிக்குத் தெங்கா ஓர் எடுத்துக்காட்டு. முன்பு கம்பங்கள் எனப்படும் கிராமங்களும் தோட்டங்களும் இருந்து, பிறகு ராணுவப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்ட சுமார் 700 ஹெக்டர் நிலத்தில், பல்லாண்டுகளாக மனிதத் தலையீடு குறைந்ததால் காடு மீண்டும் எழுந்திருந்தது. அங்கே இப்போது 42,000 வீடுகளுக்கான புதிய நகரம் உருவாகிறது. மேற்கு நீர்ப்பிடிப்புப் பகுதியையும் மத்தியக் காட்டையும் இணைக்க 5 கிலோமீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் கொண்ட வனப்பாதை விடப்படுகிறது. வீடு வாங்கக் காத்திருக்கும் இளம் தம்பதிகளின் தேவை உண்மையானது. அதை இலேசாகப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் இத்தகைய மறுவளர்ச்சிக் காடுகளைப் பற்றிய விவாதம், அங்கே அரிய உயிரினம் இருக்கிறதா இல்லையா என்ற ஒரு கேள்வியிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அல்பீசியா மரங்களும் பழைய ரப்பர் மரங்களும் அடர்ந்த காட்டில் அரிய உயிரினம் குறைவாக இருக்கலாம். அதன் குளிர்ச்சிக்கும் மழைநீரை உறிஞ்சும் மண்ணுக்கும் மரம் அரியதா என்பதோடு தொடர்பில்லை. கட்டுமானத்தின்போது கனரக வாகனங்களால் நெருக்கி அழுத்தப்பட்ட மண்மேல் புல் விரித்துக் கன்று நட்டால், பசுமைப் பரப்பின் கணக்கு சரியாகலாம். அந்த மண் பழையபடி நீரை உறிஞ்சப் பல ஆண்டுகள் ஆகும்.

துண்டான காட்டை மீண்டும் ஒட்டுவதன் விலையை நாம் ஏற்கெனவே அறிவோம். 1986இல் முடிந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை, புக்கிட் தீமாக் காட்டை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து பிரித்தது. 27 ஆண்டுகள் கழித்து, 2013இல், சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் மண்ணும் மரமும் கொண்ட பாலம் கட்டப்பட்டது. அழங்கும் புனுகுப்பூனையும் அதைக் கடப்பதைக் கேமராக்கள் படம்பிடித்திருக்கின்றன. அந்த அனுபவத்துக்குப் பிறகு வந்த குறுக்குத் தீவு ரயில் பாதை, மத்தியக் காட்டுக்கு அடியில் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் செல்லும் என்று 2019 டிசம்பரில் முடிவானது. இயற்கை ஆர்வலர்கள் விரும்பிய சுற்றுவழிக்குக் கூடுதலாகச் சுமார் 2 பில்லியன் வெள்ளி ஆகும் என்பது அரசின் மதிப்பீடு. அந்த முடிவை ஏற்பதும் ஏற்காததும் வேறு. ஆழம் முதல் ஆய்வுத் துளைகளின் இடம் வரை பொதுவெளியில் விவாதித்து முடிவெடுத்த முறை, முந்திய தலைமுறைக்குக் கிடைக்காத ஒன்று.

எல்லைக்கு வெளியே இருந்து வரும் சேவைகளையும் மறக்கக் கூடாது. உண்ணும் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி. தேக்கா சந்தையின் முருங்கைக்காயும் வாழையிலையும் பாலம் கடந்தோ கடல் கடந்தோதான் வருகின்றன. 1962 ஒப்பந்தப்படி 2061 வரை ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் காலன் வரை நீர் எடுக்கலாம். ஆனால் அந்த ஆற்றுக்கு ஆதாரமான லிங்கியு நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் 20 விழுக்காடாகக் குறைந்தது. சுமத்ராவின் கரிநிலங்கள், அதாவது முழுதும் மக்காத தாவரங்கள் படிந்த சதுப்புகள், ஈரமாக இருக்கும்வரை நமக்குத் தெரியாமலே நம் நுரையீரலைக் காக்கின்றன. வாய்க்கால் வெட்டி வடித்து, உலர்ந்ததும் தீப்பிடிக்கும்போது, அந்தச் சேவை நின்றுபோனது நமக்குத் தெரியவருகிறது. 2013 ஜூன் 21ஆம் தேதி காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டது. மறு ஆண்டு இயற்றப்பட்ட எல்லைதாண்டிய புகைமூட்டச் சட்டம், வெளிநாட்டில் தீ மூட்டிய நிறுவனங்கள்மேல் இங்கிருந்து நடவடிக்கை எடுக்க வழி செய்தது.

இயற்கை நன்மை மட்டுமே செய்வதில்லை என்பதும் உண்மை. 2020இல் டெங்கி நோயாளிகளின் எண்ணிக்கை 35,000ஐத் தாண்டியது. குரங்குகள் வீட்டுக்குள் நுழைகின்றன. கிளை முறிந்து விழுந்து உயிரிழப்பும் ஏற்பட்டிருக்கிறது. காட்டை ஒட்டி வாழ்வோரின் அச்சத்தை அலட்சியப்படுத்தினால் காட்டுக்கான ஆதரவும் கரையும். அதற்கு மாறாக, புளோக்கின் கீழே சமூகத் தோட்டத்தில் கறிவேப்பிலையும் முருங்கையும் வளர்க்கும் மூத்தோர் பலருக்கு, மண்ணைத் தொடும் அந்த ஒரு மணி நேரம் மருந்துக்கு இணையானது. பணமதிப்பு கண்டுபிடிக்க மிகக் கடினமான சேவையும் அதுதான்.

சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டுக்கெனச் சிங்கப்பூரில் தனிச் சட்டம் இல்லை. திட்ட அனுமதி நடைமுறையின் ஒரு பகுதியாகவே அது நடக்கிறது. 2020இல் அந்த நடைமுறை இறுக்கப்பட்டு, அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது வழக்கமானது. இது நல்ல முன்னேற்றம். இனி வேண்டியது, ஒரு நிலத்தின் உயிரினப் பட்டியலோடு சேர்த்து, அது எவ்வளவு மழையைப் பிடிக்கிறது, சுற்றியுள்ள பேட்டைகளை இரவில் எத்தனை டிகிரி குளிர்விக்கிறது, எத்தனை பேர் அங்கே நடக்கிறார்கள், இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மாற்று ஏற்பாடு செய்தால் மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதையும் அந்த அறிக்கைகளில் ஒரே அட்டவணையில் வைப்பது.

அப்படிப்பட்ட கணக்குக்கு உடனடித் தேவையும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் சுமார் 800 ஹெக்டரில் நீண்ட தீவு ஒன்றைக் கடல்தூர்த்து அமைக்கும் யோசனையை அரசு 2023 நவம்பரில் அறிவித்தது. கடல் உயர்விலிருந்து கரையைக் காப்பது, புதிய நீர்த்தேக்கம் அமைப்பது, வீடுகளுக்கும் பொழுதுபோக்குக்கும் நிலம் பெறுவது என மூன்று வேலைகளை ஒரே திட்டம் செய்யும் என்பது அதன் சிறப்பு. அதற்கான மணல் எங்கிருந்து வரும், கடல்நீர் ஓட்டம் மாறும்போது சாங்கிக் கரையின் கடற்புல்வெளிகள் என்னவாகும், புதிய தீவின் வெளிக்கரை முழுவதும் கல்லடுக்காக இருக்குமா அல்லது சில கிலோமீட்டராவது அலையாத்தி வேர்பிடிக்கும் சேற்றுக் கரையாக இருக்குமா என்பவை வடிவமைப்பு ஆய்வுகள் நடக்கும் ஆண்டுகளிலேயே முடிவாக வேண்டியவை. கல்லை அடுக்கிய பிறகு அந்த இடத்தில் சேறு படிவதற்குச் சரிவு இருக்காது.